தும்மிய மணவாட்டி

அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தவற்றில் பாதி, அவர்கள் உட்கார்ந்த முறையால் நடந்தது.

பள்ளிக்கூடத்தின் மாடி அறை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் பாய் விரித்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே பிரசீதா டீச்சர். கணக்கோ அறிவியலோ அவர் எடுப்பதில்லை. பிள்ளைகளின் மனசு சம்பந்தப்பட்ட காரியங்களுக்கென்றே வந்திருப்பவர். அவருக்கு வலப்பக்கம் ஒப்பனா என்னும் மலபார்க் கல்யாண ஆட்டக் குழுவின் ஒன்பது பெண்கள், மேடையில் நிற்கும் அதே வரிசையில். யாரும் சொல்லாமலே அப்படி உட்கார்ந்துவிட்டார்கள். வரிசையின் முதல் ஆள் ஃபிதா, கடைசி ஆள் ஜும்னா. ஜும்னாவுக்கு அடுத்து அவள் உம்மா சுஹ்ரா. சுஹ்ராவுக்கு அடுத்து, சம்மணம் போட வராமல் ஒரு காலை நீட்டியும் ஒரு காலைக் குத்தவைத்தும் பெற்றோர் சங்கத் தலைவர் அலவிக்குட்டி, ஜும்னாவின் உப்பா. அவருக்கும் டீச்சருக்கும் நடுவே, இரண்டு பக்கமும் சாயாமல், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி சக்கீனா.

குழுவின் பத்தாவது பெண், சக்கீனாவின் மகள் நிஹாலா, அறையில் இல்லை. உள்ளே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இந்தக் கசப்பின் வேர் தெரியும். இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

துணை மாவட்டக் கலைவிழாவில் ஒப்பனாவுக்கு இந்தப் பள்ளிக்குத்தான் முதல் பரிசு. நிஹாலா மணவாட்டியாக நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்பது பேர் கைதட்டிப் பாடிச் சுற்றி வரும்போது மணவாட்டி வெட்கச் சிரிப்போடு அசையாமல் இருக்க வேண்டும். இருந்தாள். கடைசிப் பாட்டில், தலையில் தொங்கிய மல்லிகைச் சரம் மூக்கில் உரசித் தும்மல் வந்துவிட்டது. நடுவர்கள் கவனிக்கவில்லை. கூட்டத்தில் ஒரு செல்போன் கவனித்தது.

அந்தப் படத்தை வெட்டி, 'எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்' என்று அடியில் எழுதி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கியவள் ஜும்னா. அவளுக்கென்று போன் கிடையாது. உப்பாவின் போனில் செய்தாள். குழுவில் சிலருக்கு மட்டும் அனுப்பினாள்.

மறுநாள் பெற்றோர் சங்க வாட்ஸ்அப் குழுவில் தலைமை ஆசிரியர் ஒப்பனாப் பெண்களுக்கு வாழ்த்துப் போட்டிருந்தார். அலவிக்குட்டி தம் பேக்கரியில், கண்ணாடி இல்லாமல் இருந்தார். போனில் ஒரு மணவாட்டி கிடைத்தாள். வாய் திறந்திருந்தது, சிரிக்கிறாள் என்று நினைத்தார். அடியில் ஏதோ எழுதியிருந்தது; வாழ்த்து என்று நினைத்தார். அனுப்பினார். போனதோ இல்லையோ என்று சந்தேகம் வந்து இன்னும் இரண்டு தடவை அனுப்பினார்.

ஊர் முழுக்கப் பரவிவிட்டது. யாராவது ஓட்டுப் போட வரமாட்டேன் என்றால் அந்தப் படம். யாராவது மீன் விலை அதிகம் என்றால் அந்தப் படம். பள்ளி வராந்தாவில் நிஹாலா நடந்தால் தூண் மறைவிலிருந்து 'ஆச்சூ' என்று ஒரு சத்தம். நிஹாலா பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

சென்ற வாரம், இரவுச் சாப்பாட்டின் முன்னால் ஜும்னா "நான்தான் செஞ்சேன்" என்று உடைந்து அழுததையும், "அப்ப நான் அனுப்பினது அதையா?" என்று அலவிக்குட்டி வாயில் வைத்த அரிசிப் பத்திரியை மெல்ல மறந்ததையும் பார்த்தோம்.

இன்று சக்கீனா பள்ளிக்கு வந்தது மகளின் டீசியை வாங்க. விண்ணப்பம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள். படிக்கட்டில் மறித்த பிரசீதா டீச்சர், "கொஞ்ச நேரம் உட்காருங்க இத்தா. அதுக்கப்புறமும் வேணும்னு தோணினா நானே ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அப்படி உட்கார்ந்ததுதான் இந்த வட்டம்.

டீச்சர் ஒப்பனாவுக்கு அடிக்கும் கைத்தாளத்தை எடுத்தார். ஒரே கயிற்றில் கோத்த இரண்டு சின்னப் பித்தளைக் கிண்ணங்கள்.

"இது யார் கையில இருக்கோ அவங்க மட்டும் பேசணும். மத்தவங்க கேக்கணும். இங்க தலைவர், டீச்சர், உம்மா எதுவும் கிடையாது. மொதல்ல, இப்ப உள்ளுக்குள்ள வானம் எப்படி இருக்குன்னு சொல்லுவோம். வெயிலோ மழையோ, உள்ளது உள்ளபடி."

ஃபிதா வாங்கினாள். "இடி, டீச்சரே."

"எங்க?"

"வயித்துல."

யாரோ களுக்கென்று சிரித்து, சக்கீனாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். தாளம் கை மாறிக்கொண்டே வந்தது. ஒருத்திக்கு மேகம், ஒருத்திக்குப் புழுக்கம். ஜும்னா, "ஒண்ணும் தெரியல. பனி மூடின மாதிரி" என்றாள். சுஹ்ரா, "மழை. எங்க வீட்டு ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே பெய்யறேன்" என்றாள்.

அலவிக்குட்டியின் கைக்குப் போனதும் தாளம் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டது.

"கை நடுங்கலை. இந்தத் தாளமே அப்படி" என்றார்.

"என் கையில சும்மாதானே இருந்துச்சு?" என்றாள் சுஹ்ரா.

"இத்தா, தாளம் இப்ப உங்க கையில இல்ல" என்றார் டீச்சர். "அலவிக்கா, வானம் எப்படி இருக்கு?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "வானத்துக்கு என்ன? தெளிவா இருக்கு."

"உள்ளுக்குள்ள."

"உள்ளயா... நெஞ்சு எரியுது. காலைல பொறோட்டா."

ஒன்பது பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொத்திய விரல்களின் சந்தில் சிரிப்பு கசிந்தது. வெளியே படிக்கட்டிலிருந்தும் ஒரு சின்னச் சத்தம் வந்த மாதிரி இருந்தது. டீச்சர் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. முகத்தை அப்படியே வைத்துக்கொண்டார்.

தாளம் சக்கீனாவிடம் வந்தது. அவள் அதைக் கைப்பையின் மேல் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வானமெல்லாம் சொல்ல வராது. நடந்ததைச் சொல்றேன். இவளோட உப்பா ஜித்தாவுல ஒரு டீக்கடையில நிக்கிறார். உங்க எல்லாருக்கும் தெரியும். அங்க டீக்கு வந்த ஒரு ஆள் போனை நீட்டி, 'இதப் பாருங்க, நம்ம ஊர்ப் பொண்ணு'ன்னு காட்டியிருக்கான். வந்தவன் சிரிச்சா நாமளும் சிரிக்கணுமில்ல, கடைன்னா அப்படித்தானே. இவரும் சிரிச்சிருக்கார். சிரிச்சு, டீயும் கொடுத்தப்புறம்தான் அது யார்னு உரைச்சிருக்கு."

சக்கீனா தாளத்தின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"'என் பிள்ளை மூஞ்சியப் பார்த்து, கண்டவனோட சேர்ந்து நானும் சிரிச்சுட்டேன் சக்கீனா'ன்னார் போன்ல. 'இனி அவ அந்த ஸ்கூலுக்கும் போக வேண்டாம், மேடையும் வேண்டாம், டீசியை வாங்கு'ன்னார். வெச்சுட்டார். அதுக்கப்புறம் நான் கூப்பிட்டா எடுக்கறதில்ல. 'சுகம்'னு ஒத்தை வார்த்தை அனுப்பறார். போனைப் பார்த்தாலே அவருக்குப் பத்திக்கிட்டு வருது. செவ்வாய்க்கிழமை மாவட்டப் போட்டி. இவ ஆடணும்னு சொல்றதா, டீசி வாங்கறதா, நான் யார் பேச்சைக் கேக்கறது?"

அவள் தாளத்தை டீச்சரிடம் நீட்டினாள். நடுவில் ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. அலவிக்குட்டி.

இப்போது தாளம் ஒலிக்கவில்லை. இரண்டு கிண்ணங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார்.

"டீச்சரே, பொறோட்டா இல்ல. நான் பொய் சொன்னேன். இந்த வட்டம் எல்லா ஒன்பதாம் வகுப்புக்கும் வாரத்துல ஒரு பீரியட் இருந்துச்சு. இந்தப் பத்து பிள்ளைங்களுக்கு மட்டும் அதை நிறுத்தினது நான். கூட்டத்துல எழுந்து நின்னு, 'மனசு எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா கப்பு வருமா? அந்த நேரத்துல நாலு அடி பழகட்டும்'னு சொன்னேன். கைதட்டினாங்க. மத்த டிவிஷன் குழுவுல இந்தப் படம் போனப்ப, அங்க யாரோ ரெண்டு பிள்ளைங்க 'இது சரியில்ல, எடுத்துடு'ன்னு எழுதினாங்களாம். அது அங்க நின்னுடுச்சு. நம்ம பத்து பேர் குழுவுல எழுத ஆளில்ல. எழுதப் பழகற நேரத்தை நான் அடி பழகக் கொடுத்துட்டேன்."

சுஹ்ரா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாள்முதல் அவர் ஒரே மூச்சில் தம்மைப் பற்றி இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

டீச்சர் அதற்கு ஆறுதலும் சொல்லவில்லை, திட்டவுமில்லை. "இன்னொரு சுற்று" என்றார். "அந்தப் படம் உங்களுக்கு வந்தப்ப என்ன செஞ்சீங்க? உடம்புல எங்க என்ன இருந்துச்சு? அவ்வளவுதான் கேள்வி."

ஃபிதா தாளத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். அவளுக்கு எப்போதும் வாய் நீளம். இப்போது வார்த்தைகளைத் தேடினாள்.

"'ஆச்சூ' மொதல்ல சொன்னது நான்தான். சிரிப்பா வந்துச்சு. அவ திரும்பிப் பார்த்தா. அப்ப எனக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு. நிறுத்தியிருக்கணும். எல்லாரும் சிரிச்சாங்களா, அதனால இன்னொரு தடவை சொன்னேன்."

வரிசையாக வந்தது. ஒருத்தி தன் மாமி மகளுக்கு அனுப்பியிருந்தாள். ஒருத்தி எதுவுமே செய்யவில்லை. எதுவும் செய்யாததுதான் நெஞ்சில் கல் மாதிரி இருக்கிறது என்றாள். கடைசியில் ஜும்னா.

"எனக்கு மணவாட்டியா உட்காரணும்னு ஆசை. யாரும் என்னைக் கேக்கல. நிஹாலாதான் லட்சணமா இருப்பான்னு சொல்லிட்டாங்க. அவ தும்மின படத்தைப் பார்த்ததும் உள்ளுக்குள்ள ஜில்லுன்னு ஒரு சந்தோஷம். எனக்கே அசிங்கமா இருக்கு சொல்ல. நாங்க வேர்த்து விறுவிறுத்து ஆடறோம், அவ சும்மா உட்கார்ந்து கைதட்டு வாங்கறாளேன்னு..."

"சும்மாவா?"

எல்லோரும் திரும்பினார்கள். கதவில் நிஹாலா நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"சும்மாவா உட்கார்ந்திருந்தேன்? நீ உட்கார்ந்து பாரு. மூக்கு அரிக்கும், சொறியக் கூடாது. கால் மரத்துப்போகும், அசைக்கக் கூடாது. ஒன்பது பேரும் செய்யற தப்பு அத்தனையும் கண்ணுக்கு முன்னால நடக்கும், சிரிச்சுக்கிட்டே இருக்கணும். ஃபிதா மூணாவது பாட்டுல இடது காலை முதல்ல வெக்கிறா. வலது! ஜும்னா, நீ திரும்பறப்ப மூச்சு விடறதில்ல, கடைசி அடியில உன் குரல் காணாமப் போயிடுது. உனக்கு முன்னால நிக்கறவ உனக்கும் சேர்த்துப் பாடறா. நடுவுல உட்கார்ந்தவளுக்கு எல்லா மூஞ்சியும் தெரியும் ஜும்னா. உன் மூஞ்சியும் தெரிஞ்சுது."

"மோளே, தாளம்" என்றார் அலவிக்குட்டி, தலைவர் தோரணை தானாக வந்து. "கையில தாளம் இல்லாம பேசக் கூடாது. டீச்சர் சொல்லியிருக்காங்க."

நிஹாலா அவரைப் பார்த்தாள். உதட்டோரம் துடித்தது. உள்ளே வந்து ஜும்னாவின் கையிலிருந்து தாளத்தை வாங்கிக்கொண்டாள்.

இடம் நடுவில்தான் இருந்தது. அங்கே அவள் உட்காரவில்லை. "தள்ளிக்கோடி" என்று ஃபிதாவின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வட்டம் முழுவதும் ஒரு சாண் நகர்ந்து இடம் கொடுத்தது. அலவிக்குட்டிக்கு நீட்டிய காலையும் மடக்க வேண்டியதாயிற்று.

ஜும்னா தாளம் இல்லாமலே பேசினாள். யாரும் தடுக்கவில்லை. "நிஹாலா, நான் செஞ்சது தப்பு. நான் அதை விளையாட்டுன்னு சொல்லிச் சமாளிக்க மாட்டேன்."

"ம்" என்றாள் நிஹாலா. அவ்வளவுதான். ஆனால் திரும்பிக்கொள்ளவில்லை.

"ஒண்ணு செய்யலாம்!" ஃபிதாவுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. "நாங்க ஒன்பது பேரும் தும்மற மாதிரி மூஞ்சியை வெச்சுப் படம் எடுத்து ஸ்டிக்கர் போட்டுடறோம். அப்ப உன்னோடது மட்டும்னு இருக்காது."

"நானும் தும்மறேன்!" என்றார் அலவிக்குட்டி.

"வேண்டாம்" என்றாள் நிஹாலா. "என் மூஞ்சிக்குத் துணையா உங்க மூஞ்சி எதுக்கு? அது இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். எனக்கு அது நிக்கணும். உங்க வீட்டுப் போன்லருந்து எல்லாம் எடுத்துடணும். வெளிய போனதைப் பிடிக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். எங்கயாவது அது வந்தா, 'இது எங்க நிஹாலா, எடுத்துடுங்க'ன்னு ஒரு ஆள் எழுதணும். உடனே இன்னொரு ஆள் அதுக்குக் கீழ எழுதணும். தனியா எழுதறவளைக் கிண்டல் பண்ணுவாங்க. ரெண்டு பேர் எழுதினா பண்ண மாட்டாங்க."

பிரசீதா டீச்சர் எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே விட்டுவிட்டார். அவர் ஒரு வருஷமாகச் சொல்ல நினைத்திருந்ததை அவள் சொல்லி முடித்திருந்தாள்.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் போன் அனுமதி இல்லை. அங்கே இருந்த போன்களில் முதல் குற்றவாளி அலவிக்குட்டியுடையது. சுஹ்ரா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டு அந்தப் படத்தை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தார்.

"யா ரப்பே" என்றார் மெதுவாக. "பிள்ளைக்குக் கண்ணெல்லாம் தண்ணி. இதையா நான் மூணு தடவை அனுப்பினேன்?"

படத்தைப் போனிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு பெற்றோர் குழுவுக்குக் குரல் செய்தி பதியத் தொடங்கினார். "பெருமதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களே, அன்பார்ந்த பெற்றோர்களே..."

"கூட்டத்துல பேசற மாதிரி வேண்டாம் உப்பா" என்றாள் ஜும்னா.

நிறுத்தினார். நிஹாலாவைப் பார்த்து, "பேர் சொல்லட்டுமா மோளே?" என்றார். அவள் யோசித்துவிட்டு, "சொல்லுங்க. மூஞ்சி தெரிஞ்ச ஊருக்குப் பேரும் தெரியட்டும்" என்றாள். மறுபடி பதிந்தார்.

"நான் அலவி. அன்னிக்கு நான் அனுப்பின படத்துல இருக்கறது நம்ம நிஹாலா. அவ சிரிக்கல, தும்மறா. கண்ணாடி போடாம அனுப்பிட்டேன். உங்க போன்ல இருந்தா எடுத்துடுங்க. வட்டம் பீரியட் திங்கட்கிழமைலருந்து ஒப்பனாப் பிள்ளைங்களுக்கும் உண்டு. அவ்வளவுதான்."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். சக்கீனாவின் கைப்பைக்குள் ஒரு சத்தம். அவள் எடுத்துப் பார்த்தாள். அந்தக் குரலுக்குக் கீழே யாரோ ஒரு தாய் 'எடுத்துட்டேன்' என்று எழுதியிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர். சக்கீனா போனை மகளிடம் காட்டினாள்.

"அப்ப செவ்வாய்க்கிழமை நீ வருவியா?" ஃபிதா கேட்டாள்.

"மணவாட்டியா வர மாட்டேன். எனக்கு ஆடணும். எல்லா அடியும் எனக்குத் தெரியும், நடுவுலருந்து பார்த்துப் பார்த்தே பாடமாயிடுச்சு." ஜும்னாவின் பக்கம் திரும்பினாள். "இவ இடத்துல நான் நிக்கறேன். இவ நாற்காலியில உட்காரட்டும். ஆசையாமே."

ஆட்டம் மாறாது, அதே பத்து பேர். டீச்சர் நாற்காலியை இழுத்து நடுவில் போட்டார்.

ஜும்னா உட்கார்ந்தாள். பாட்டு எழுந்தது. ஒன்பது பேர் கைதட்டிச் சுற்றிவந்தார்கள். நிஹாலா கடைசி இடத்தில் நின்று, திரும்பும் அடியில் மூச்சை விட்டு, கடைசி வரியை முழுக் குரலில் பிடித்தாள். மூன்றாவது பாட்டில் ஃபிதா இடது காலைத் தூக்கினாள். "வலது!" என்று பாட்டின் தாளத்திலேயே ஒரு அதட்டல் விழுந்தது. கால் அந்தரத்தில் மாறியது.

நடுவில் ஜும்னா சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் சும்மா. பிறகு சுற்றிவரும் ஒவ்வொரு முகமும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. எங்கே பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்று புரியவில்லை. மூக்கு அரித்தது. சொறியவில்லை. கண்கள் நிறைந்தன. நிஹாலா அவளைக் கடக்கும்போது குனிந்து, "மூச்சு விடு" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனாள்.

சுஹ்ரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினாள். சக்கீனாவின் விரல்களும் கைப்பையின் மேல் தாளம் போட்டன. பாட்டு முடிந்ததும் அந்த விரல்கள் நின்றன.

"எல்லாம் சரி அலவிக்கா. இவ உப்பாவுக்கு யார் சொல்றது? அவர் சம்மதமில்லாம நான் மேடையேத்த மாட்டேன். போனோ எடுக்க மாட்டார்."

"உம்மர் இன்னிக்குச் சாயங்காலம் கிளம்பறான்" என்றாள் சுஹ்ரா. உம்மர் அவள் தம்பி, விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிறான். "ஜித்தாவுக்குத்தானே. கத்து எழுதிக் கொடுத்துவிடுங்க. காகிதத்துல, கையால. அது கைமாறிக் கைமாறி ஊர் சுத்தாது."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நிஹாலாவின் உப்பா ஹம்சாவுக்குக் கடிதம் எழுத அலவிக்குட்டி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். எதிரே சுலைமானித் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. முதல் தாளில், 'எதிர்பாராத விதமாக நிகழ்ந்துவிட்ட அசம்பாவிதத்திற்கு வருந்துகிறோம்' என்று எழுதினார்.

சுஹ்ரா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "யார் நிகழ்த்தினது?"

"பொதுவா எழுதியிருக்கேன்."

"ஹம்சா உங்ககிட்ட பொதுவா கேக்கலையே."

கிழித்தார். இரண்டாவது தாளில், 'என் மகள் விளையாட்டாக' என்று தொடங்கி, மகள் அறையின் வாசலில் நிற்பதைப் பார்த்துத் தாமே கிழித்தார். மூன்றாவது தாள் இப்படி வந்தது:

'அன்புள்ள ஹம்சாவுக்கு, பேக்கரி அலவி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் சுகம் என்று நம்புகிறேன்.

அந்தப் படத்தை ஸ்டிக்கராகச் செய்தது என் மகள். ஊருக்கு அனுப்பியது நான். நீங்கள் அதைப் பார்த்துச் சிரித்ததாகச் சக்கீனா சொன்னாள். ஹம்சா, அந்தச் சிரிப்பு உங்களுடையது அல்ல. நான் உங்கள் கையில் கொடுத்த சிரிப்பு அது. அதை நீங்கள் சுமக்க வேண்டாம். திருப்பி என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்று நிஹாலா எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினாள். பள்ளியை விட்டுப் போக வேண்டிய பிள்ளை அவளல்ல. அவள் செவ்வாய்க்கிழமை ஆட விரும்புகிறாள், மணவாட்டியாக அல்ல, வரிசையில் நின்று. உங்கள் வார்த்தைக்காகச் சக்கீனா காத்திருக்கிறாள். வேண்டாம் என்றாலும் வேண்டும் என்றாலும் அவளை ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள். என் மேல் உள்ள கோபத்தை என் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வரும்போது தீர்த்துக்கொள்ளலாம். கடையில் கலத்தப்பம் உண்டு.'

ஜும்னா அடியில் தன் பெயரில் இரண்டு வரி எழுதினாள். தப்பு செய்தவள் தான் என்றும், நிஹாலா நன்றாக ஆடுகிறாள் என்றும்.

உம்மரின் வீட்டு முற்றத்தில் அட்டைப்பெட்டியைத் தராசில் தூக்கிப் பார்ப்பதும், கயிற்றை அவிழ்ப்பதும், சாமானை வெளியே எடுப்பதுமாக ஒரே கலவரம். "மாங்காய் ஊறுகாய்க்கு இடமில்ல, அலுவாவுக்கு இடமில்ல, இத்தா கொண்டுவந்த உன்னக்காய்க்கு நிச்சயமா இடமில்ல" என்று உம்மர் கத்திக்கொண்டிருந்தான்.

"ஹம்சாவுக்குத்தான்டா இந்த வாழைப்பழப் பலகாரம்" என்றாள் சுஹ்ரா.

"ஹம்சாக்கா சாப்பிடறதுக்கு முன்னால ஏர்போர்ட்டுல நான் சாப்பிட வேண்டியிருக்கும்."

"ஒரு கத்து இருக்கு மாமா" என்றாள் ஜும்னா.

"கத்தா? அதுக்கு என்ன எடை இருக்கப்போகுது?"

அலவிக்குட்டி மடித்த தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சக்கீனாவும் நிஹாலாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சக்கீனா கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். ஓரிடத்தில் நின்று, அதே வரியை மறுபடி படித்தாள். பிறகு மகளிடம் கொடுத்தாள். நிஹாலா படித்துவிட்டுப் பேனா கேட்டு, கார் பானெட்டின் மேல் வைத்து ஒரே ஒரு வரி சேர்த்தாள்: 'உப்பா, போனை எடுங்க. நான் தும்ம மாட்டேன்.'

சக்கீனா சத்தமாகச் சிரித்துவிட்டாள். இத்தனை நாளில் முதல் தடவை. சிரித்த வாயைப் பொத்திக்கொண்டு கைப்பையைத் தட்டிக் காட்டினாள். "டீசிப் பேப்பர் இதுக்குள்ளதான் இருக்கு அலவிக்கா. கிழிக்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன். அவர் கூப்பிடட்டும்."

"கூப்பிடட்டும்" என்றார் அலவிக்குட்டி.

சுஹ்ரா சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையின் வாயில் தடவினாள். ஜும்னா மடித்து அழுத்தினாள். நிஹாலாவும் பக்கத்தில் வந்து ஒரு ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். உம்மர் அதைப் பெட்டியில் வைக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். உன்னக்காய்ப் பொட்டலத்தையும் பேசாமல் கையில் வாங்கிக்கொண்டான்.

கார் கரிப்பூர் விமான நிலையச் சாலையில் திரும்பி மறைந்தது. அலவிக்குட்டியின் கை பழக்கத்தில் போனை எடுத்தது. பார்க்க அதில் ஒன்றும் இல்லை. போய்ச் சேர்ந்ததா, படித்தாரா என்று சொல்ல அந்த உறைக்கு நீலக் குறி கிடையாது.

"போய்ச் சேருமா?" என்றார் கவலையோடு. "இன்னும் ரெண்டு எழுதி வேற யார்கிட்டயாவது கொடுத்துவிடட்டுமா?"

"உப்பா" என்றாள் ஜும்னா, அவர் மூக்கில் கண்ணாடியைச் சரியாக மாட்டிவிட்டு. "ஒரு தடவை அனுப்பினா போதும்."